வழியனுப்பு நிபுணர்

உங்கள் வீட்டில் யாராவது விமானம் ஏறப் போகிறார்களா? அப்படியானால் கதவைத் தாழிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் வழியனுப்பு நிபுணர் வந்துவிடுவார். டிக்கெட் எடுத்தது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிந்திருக்காது. இவருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். வாசற்படி தாண்டும்போதே முதல் கேள்வி வரும்: "பெட்டிய எடை போட்டாச்சா?"

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் சித்தப்பா. டயர் கடை வைத்திருக்கிறார். அவர் விமானத்தில் போனது ஒரே ஒரு தடவை. அதிலும் ஏறியதிலிருந்து இறங்கும்வரை குறட்டை. ஆனால் சொந்தக்காரர் யாரையும் துணையில்லாமல் விமான நிலையத்துக்கு விட்டதில்லை என்பதால் அவருக்கு 'ரன்வே சித்தப்பா' என்று பெயர். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர் சொல்வதெல்லாம் சரி. அதுதான் கொடுமை. தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம். சரியாகச் சொல்கிற மனிதரை என்ன செய்வது?

அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு, கணவர் வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பினாள். மகள் சின்னஞ்சிறு பிள்ளை, வலிப்பு உண்டு. வேளை தவறாமல் மருந்து கொடுத்தால் ஒன்றும் ஆகாது. தவறினால் என்ன ஆகும் என்பதை அக்கா ஒருமுறை பார்த்துவிட்டாள். இன்னொரு முறை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அன்றைக்கு அடுத்த வேளை மருந்தை நடுவானத்தில்தான் கொடுக்க வேண்டும்.

சித்தப்பா காலையிலேயே ஆஜர். முதலில் அவரிடம் அகப்பட்டது, குழந்தையை வாரால் கட்டி உட்காரவைக்கும் கார் சீட். அதைக் கவிழ்த்துப் போட்டு, டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல நாலு பக்கமும் தட்டி, வார்களை இழுத்துப் பார்த்து, விமானத்துக்கும் ஆகும் என்று எழுதிய ஸ்டிக்கரைக் கண்டுபிடித்து, அதைப் படிக்க வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடி, அது அவர் தலைமேலேயே இருப்பதைக் குழந்தை காட்டிக்கொடுத்த பிறகு, உபதேசம் ஆரம்பமானது.

"இத லக்கேஜ்ல போட்டுடாதம்மா, தூக்கி எறிவானுங்க. பாப்பாவுக்குத் தனி டிக்கெட் எடுத்திருக்கல்ல? உள்ளயே கொண்டு போ. ஜன்னல் பக்கம் வை. எமர்ஜென்சி கதவு வரிசையில வைக்க விடமாட்டாங்க. அகலம் அளந்தியா?"

"அளந்தாச்சு சித்தப்பா."

"எதுக்கும் நான் ஒரு தடவ அளக்கறேன்."

அளந்தார். சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றத்தோடு டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

விமான நிலையத்தில் பயணிகள் மட்டும் நுழையும் வாசல் வரை வந்தோம். டிராலியில் கார் சீட், இடுப்பில் குழந்தை, பல்லுக்கிடையில் டிக்கெட் என்று அக்கா நின்ற அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பாவுக்கு மருந்து ஞாபகம் வந்தது. "எங்க, எடு பாப்போம்!"

அக்கா தோள்பையிலிருந்து சின்ன நீலப் பையை எடுத்தாள். சித்தப்பா வாங்கிக்கொண்டார்.

"லேபிள் ஒட்டுன பாட்டில்தானே? வேற டப்பாவுல மாத்தலையே? டாக்டர் லெட்டர் இருக்கா? சிரப் பெரிய பாட்டிலு, செக்கிங்ல அவங்க கேக்கறதுக்குள்ள நீயே எடுத்துக் காட்டி, புள்ள மருந்துன்னு சொல்லிடு. பிளைட் லேட்டானாலும் தாங்கணும், கூடுதலா வெச்சிருக்கியா?" கடைசியில் பையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. மருந்து எப்பவும் கையில இருக்கணும். பெட்டிக்குள்ள போகக்கூடாது. யார்கிட்டயும் குடுக்கக்கூடாது. புரியுதா?"

"புரியுது சித்தப்பா."

பின்னால் வரிசை நெருக்கியது. குழந்தை வீறிட்டது. "போங்கம்மா, போங்க" என்றார் காவலாளி. அக்கா உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை மறையும்வரை நான் கையாட்டினேன். சித்தப்பாவும் ஆட்டினார். அவர் கையில் அந்த நீலப் பையும் சேர்ந்து ஆடியது.

பையைப் பார்த்ததும் போன் அடித்தேன், அக்கா எடுக்கவில்லை. காவலாளி உள்ளே விடமாட்டேன் என்றார். உலகத்துக்கே வழி சொன்ன சித்தப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப என்னடா பண்றது?" என்றார். கோபப்படத்தான் நினைத்தேன், பார்க்கப் பாவமாகப் போய்விட்டது.

காவலாளி நல்ல மனிதர். நாங்கள் கெஞ்சியதைக் கேட்டு உள்ளே சொல்லி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தலைமுடி அவிழ்ந்து தொங்க ஓடிவந்தாள். பையை வெடுக்கென்று பிடுங்கி, ஜிப்பைத் திறந்து பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"சித்தப்பா, தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க" என்றாள்.

திரும்பும் வழியில் சித்தப்பா வாயே திறக்கவில்லை. திருந்திவிட்டார் என்று நான்கூட நம்பினேன். வீட்டுத் தெரு வந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு கவனிச்சியாடா? அது மட்டும் பெட்டிக்குள்ள போயிருந்தா இன்னைக்குத் திரும்பக் கெடச்சிருக்குமா? அதான் கையில இருக்கணும்னு தலபாடா அடிச்சுக்கறேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் எங்கேயாவது, 'மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பையில் வைத்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கிறதா? போய்ச் சொல்லுங்கள், நல்ல யோசனைதான். போகும் முன் உங்கள் கையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் சாமான் எதுவும் இல்லையே?