சிவப்புத் துணியும் மேற்பார்வையும்

நிபுணரை வரவழைத்துவிட்டு, வந்தவருக்கே வகுப்பெடுக்கும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். முடிவெட்டும் கடையில் போர்வைக்குள்ளிருந்து விரலை நீட்டிக் கத்திரிக்குத் திசை காட்டுபவர், வாடகைக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுநரோடு சேர்ந்து தானும் பிரேக் மிதிப்பவர், பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னால் திறந்த வாய் திறந்தபடியே, எந்தப் பல்லை எந்தப் பக்கமாக அசைக்க வேண்டும் என்று "ஆ... ஆ..." மொழியில் விளக்குபவர், எல்லாரும் ஒரே வம்சம். இவர்களுக்கு எந்தத் தொழிலும் தெரியாது. அந்தத் தொழிலைச் செய்பவருக்கு என்ன தெரியாது என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

நம்முடையவருக்கு அவர் மனைவி வைத்த பெயர் மேற்பார்வை. நமக்கும் அதுவே போதும்.

மேற்பார்வையின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். அதன் ஒரு கிளை படுக்கையறைக் கூரையின்மேல் நீண்டிருந்தது. இன்னொன்று சமையலறை ஜன்னலுக்குக் குடை பிடித்தது. போன வாரம் அடித்த காற்றில் படுக்கையறைக் கிளை அடியில் விரிசல் விட்டது. மனைவி அண்ணாந்து ஒருமுறை பார்த்தார். தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குக் குடிபோனார்.

"அந்தக் கிளை போற வரைக்கும் நான் அந்த ரூமுக்கு வரமாட்டேன். நீங்க வேணா மல்லாக்கப் படுத்து மேற்பார்வை பண்ணுங்க."

மறுநாளே மேற்பார்வை ஒரு மரக்காரரைப் பிடித்தார். பிடித்தார் என்றால் சும்மாவா? தொலைபேசியில் நேர்முகத் தேர்வே நடந்தது.

"எத்தனை வருஷமா மரம் வெட்டுறீங்க?"

"இருபத்தாறு சார்."

"சாய்வுக் கோணமெல்லாம் பார்ப்பீங்களா?"

"முதல்ல மரத்தைப் பார்க்குறேன் சார்."

மரக்காரர் வந்தார். கயிறு பிடிக்க அவருடைய மச்சானும் வந்தார். மரக்காரர் மரத்தைச் சுற்றினார், தட்டினார், அண்ணாந்து ஐந்து நிமிடம் நின்றார். அந்த ஐந்து நிமிடமும் மேற்பார்வை வேரில் தொடங்கி இலை வரைக்கும் பேசினார். மரக்காரர் சரசரவென்று ஏறி, விரிசல் விட்ட கிளையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு இறங்கினார்.

"நம்ம வழக்கம் ஒண்ணுதான் சார். துணி கட்டினதை வெட்டுவேன், கட்டாததைத் தொடமாட்டேன். அப்புறம் அதை ஏன் வெட்டினே, இதை ஏன் விட்டேன்னு பேச்சே வராது. நாளைக்குக் காலையில வரேன்."

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி குரல் கொடுத்தார்: "அண்ணே, இந்தக் கிளையில மட்டும் கை வச்சிடாதீங்க! இது போச்சுன்னா வெயில்ல அரிசியோட சேர்ந்து நானும் வெந்துடுவேன்."

"துணி இல்லல்லம்மா? தொடமாட்டேன்."

அவர் கிளம்பும்போது மேற்பார்வை, "எதுக்கும் ஒரு துணி எங்கிட்ட இருக்கட்டுமே" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. இந்த இனத்தார் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

மத்தியானம் மனைவி வேலைக்குப் போயிருந்தார். மேற்பார்வை காணொளி பார்த்தார். மூன்றாவது காணொளியில், ஏதோ ஒரு காட்டில், ஏதோ ஒரு மொழியில், ஒரு தாடிக்காரர் கைகளைத் தராசுபோல ஏற்றி இறக்கிக் காட்டினார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. விஷயம் மட்டும் சுளீரென்று உறைத்தது. ஒரு பக்கத்துக் கிளையை வெட்டினால் பாரம் மறுபக்கம் போகுமே! மரம் சமையலறைமேல் சாயுமே! இருபத்தாறு வருஷக்காரருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

ஆக, சமையலறைக் கிளையிலும் நுனியில் கொஞ்சம் கழிக்க வேண்டும். கொஞ்சம்தான். மேற்பார்வை ஏணியைச் சாய்த்தார், பாதி உயிரோடு ஏறினார், துணியைக் கட்டினார், மீதி உயிரோடு இறங்கினார். "நுனி மட்டும்" என்பதைக் காலையில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. துணிக்கு அந்த ஏற்பாடு தெரியாது.

காலையில் மரக்காரர் மச்சானோடு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். மேற்பார்வையைக் காணோம். அவர் உள்ளே பாரக் கணக்குப் படம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டிருந்தார். அச்சு இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எப்படி விடுவது என்று அவர் அதற்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே மோட்டார் ரம்பம் உறுமியது. விரிசல் கிளை கயிற்றில் தொங்கி, ஓர் ஓடுகூட உடையாமல், பூப்போல இறங்கியது. மேற்பார்வை இல்லாத கால்மணி நேரத்தில் எவ்வளவு வேலை நடந்துவிடுகிறது!

சமையலறைக் கிளையிலும் ஒரு துணி ஆடியது; வீட்டில் மனசு மாறிக் கட்டியிருப்பார்கள் என்று மரக்காரர் அங்கே போனார்.

"ஐயோ! என் கிளை!" என்று சமையலறையிலிருந்து ஓர் அலறல். மரக்காரர் காதில் கவசம். மனைவி கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். மேற்பார்வை படத்தோடு ஓடிவந்தார். இருவரும் மரத்தடியில் முட்டிக்கொண்டார்கள்.

"அங்க எப்படிங்க துணி வந்துச்சு?"

"அது... பாரம்..."

"என்ன பாரம்?"

பதில் சொல்வதைவிட ஏணி ஏறுவது பத்திரம் என்று அவருக்குப் பட்டது. ஏறினார். ரம்பம் கிளையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது துணியை உருவிவிட்டார். கிளையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பரபரப்பில் காலை உதைத்ததில் ஏணி சாய்ந்து விழுந்தது.

மரக்காரர் ரம்பத்தை நிறுத்தினார், கவசத்தைக் கழற்றினார், கிளையைப் பார்த்தார், துணி இல்லை. மேற்பார்வையைப் பார்த்தார்.

"சார், துணி இப்ப உங்க கழுத்துல இருக்கு."

"ஆமா."

"நம்ம வழக்கம் தெரியுமில்ல?"

கீழேயிருந்து மனைவி சொன்னார்: "தாராளமா அண்ணே. எங்களுக்காக வழக்கத்தை மாத்தாதீங்க."

மச்சான் முதல்முறையாக வாய் திறந்தார்: "மாமா, இதை முழுசா இறக்குறதா, துண்டு போட்டா?"

முழுசாகவே இறக்கினார்கள். இடுப்பில் கயிறு கட்டி, கிளையை இறக்கிய அதே முடிச்சில். அந்தரத்தில் சுழன்றுகொண்டிருக்கும் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் வருவார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"கொஞ்சம் லெஃப்ட்ல... மெதுவா... அப்படி இழுத்துப் பிடிக்காதீங்க, கயிறை விடுங்க!"

"விட்டுடவா சார்?" என்றார் மச்சான்.

அந்தத் தோட்டத்தில் மேற்பார்வை மௌனமாக இருந்த நேரம் அதுதான். தரையைத் தொடும்வரை நீடித்தது. தொட்டதும், "முடிச்சு இன்னும் கொஞ்சம் மேல இருந்திருக்கணும்" என்றார்.

அன்று மனைவியின் தலையணை படுக்கையறைக்குத் திரும்பியது. மேற்பார்வையின் தலையணை ஹாலுக்கு வந்தது.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால், அவர் ஏணியை வைத்த இடத்திலேயே "கீழே ஒரு ஆளைப் பிடிக்கச் சொல்லியிருக்கலாமே" என்று உங்கள் மனம் முணுமுணுத்ததே? "நானாயிருந்தால் இந்தக் கதையைக் கயிற்றோடு முடித்திருப்பேன்" என்று இப்போதுகூட ஒரு யோசனை ஓடுகிறதே? ஒன்றும் பயப்பட வேண்டாம். மெதுவாகக் கழுத்தைத் தடவிப் பாருங்கள், சிவப்பாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று.