கப்பல்காரரின் முன்பாய்

மழை பெய்தால் சேலம் ஜில்லாவில் எல்லோரும் பயிரை நினைப்பார்கள். பாய்மரப் படகை நினைத்த மனிதர் ஒருவர்தான். மல்லசமுத்திரத்தில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர்.

கொழும்பில் ஒரு துரையின் உல்லாசப் படகில் வேலை பார்த்துவிட்டு, யாருமில்லாத வீட்டுக்குத் திரும்பியவர். வந்ததும் ஒரு படகு செய்து ஏரியில் இறக்கினார். அங்கே பெரும்பாலும் இலைகூட அசையாது. எப்போதாவது வரும் இளங்காற்றையும் பிடிக்க, படகின் மூக்கில் மெல்லிய துணியில் அகலமாக ஒரு முன்பாய் வேண்டுமென்று நெசவாளியிடம் போனார்.

"வேட்டிக்குங்களா, சேலைக்குங்களா?"

"காத்துக்குங்க."

நெசவாளி தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாராம்.

அந்தப் பாயை விரிப்பது சுலபம், சுருட்டுவதுதான் பெரும்பாடு. அடியில் இருக்கும் உருளையின் கயிற்றை ஒருவர் இழுக்க வேண்டும். பாயின் நுனிக் கயிற்றை இன்னொருவர் மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். இரண்டு ஆள் வேலை. கூட ஏற ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. ஆனாலும் ஏரி நடுவிலிருந்து இரண்டு குரல் கேட்கும்.

"பாயைச் சுருட்டுடா!"

"ஆச்சுங்க தொரை!"

"சோறு தின்னியா?"

"இன்னும் இல்லீங்க தொரை!"

இரண்டும் அவரேதான். கரையில் துணி துவைப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச ஆளில்லாமல் ஏரிக்கரையில் நின்றேன்.

"வாத்தியாரே, சும்மாதானுங்களே நிக்கறீங்க? ஏறுங்க."

ஏறினேன். முன்பாயின் நுனிக் கயிற்றை என் கையில் கொடுத்தார். நடு ஏரியில் திடீரென்று காற்று எழும்பியது. முன்பாய் புடைத்து, படகு ஒருக்களித்துச் சாய்ந்தது. பயத்தில் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டேன். பாய் படபடவென்று அடித்து என் தலைப்பாகையைத் தட்டி ஏரியில் போட்டது.

"உட்டுப்போட்டீங்களே! கவுத்தைப் புடிங்க!"

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க!"

"எனக்கும்தானுங்க!"

அவர் சுக்கானைத் திருப்பி, காற்று பின்னாலிருந்து வரும்படி செய்தார். நடுமரத்துப் பெரிய பாயின் மறைவில் முன்பாய் மூச்சிழந்து தொங்கியது. தாவிக் கயிற்றைப் பிடித்தேன்.

"சித்தெ உடுங்க... போதும்... இன்னுஞ் சித்தெ..."

அவர் உருளைக் கயிற்றை இழுக்க இழுக்க, பாய் வெற்றிலைச் சுருளாக ஒடுங்கியது.

கரையில் இறங்கிப் படகைக் கட்டினோம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டேன் என்ற பதிலை முன்பே தெரிந்துகொண்டவர் போலக் கேட்டார்.

"அடுத்த வாரம் வருவீங்களா?"

"வாரேனுங்க."

அவர் அப்படியே உட்கார்ந்து, போட்ட முடிச்சையே அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வாராவாரம் போனேன். சித்திரையில் ஏரி வற்றிவிட்டது. வெடித்த மண்ணில் படகு சாய்ந்து கிடக்க, கப்பல்காரர் மட்டும் அதில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு நடந்து போய், நானும் ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன்.