வடைக்கு மசியாத மீன்

மறுநாள் ராத்திரிக் கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. பந்தல் போட்டாயிற்று, வாழைமரம் கட்டியாயிற்று. மீன்தான் இல்லை.

அந்தமானில், ரங்கத்தில் வன இலாகா குமாஸ்தாவாக இருந்த சொக்கலிங்கம் திருநெல்வேலிச் சைவர். ஐம்பத்திரண்டு வயதுவரை மீனைத் தொட்டதில்லை. ஆனால் மகள் சுசீலாவுக்கு வாய்த்த மாப்பிள்ளை நிதாய் வங்காளி, பள்ளிக்கூட வாத்தியார். மூன்று வருஷமாக சுசீலா அவர்கள் வீட்டுக்குத்தான் இந்தி படிக்கப் போய்வந்தாள்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா ஒன்றே ஒன்று கேட்டார். கல்யாணத்தன்று காலையில் பெண் வீட்டிலிருந்து ஒரு மீன் வர வேண்டும். குங்குமம் வைத்து, மூக்குத்தி போட்டு, மணப்பெண் மாதிரி. கடல் மீன் ஆகாது. ஆற்றுக் கொடுவா என்றால் விசேஷம். வேறு எதுவுமே கேட்காத சம்பந்தியிடம் எப்படி மறுப்பது? "டீக் ஹை" என்று தலையாட்டிவிட்டு வந்தார் சொக்கலிங்கம்.

மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர் யாரும் வரவில்லை. 'மீன் தின்கிற வீட்டிலா பெண் கொடுக்கிறாய்?' என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. நம் பக்கம் ஆளும் இல்லை, மீனும் இல்லை என்று அந்த வீட்டில் யாரும் தன் மகளைக் குறைவாகப் பார்த்துவிடக் கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் கவலை.

சொல்லிவைத்திருந்த மீன்காரர் திடீரென்று கப்பலேறி போர்ட் பிளேர் போய்விட்டார். ஃபாரஸ்ட் கார்டு உதயசூரியன் பஜாரெல்லாம் அலைந்து, தேக்கிலையில் சுற்றி ஒரு சிவப்பு மீனைக் கொண்டுவந்தார்.

சுசீலா எட்டிப் பார்த்தாள். "இது சங்கராப்பா. கடல் மீனு."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"விலங்கியல் புத்தகத்துல படம் போட்டிருக்கு."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பூனை சங்கராவைக் கவ்விக்கொண்டுபோய், அடுப்படி வாசலில் வைத்துத் தின்றது. சொக்கலிங்கத்தின் மனைவி அன்னம்மாள் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு வெளியதான்."

சொக்கலிங்கம் தூண்டில் கயிறும் குடையுமாக ஆற்றுக்குப் போனார். புழுவைத் தொட மனம் வரவில்லை. அதனால் காலையில் சுட்ட உளுந்த வடையைக் கோத்துப் போட்டார். இரண்டு மணி நேரத்தில் நான்கு வடைகளை நண்டுகள் தின்றன. ஐந்தாவதை அவரே தின்றார்.

மத்தியானம் சுசீலா தயிர்சாதம் கொண்டுவந்தாள். முள்ளில் என்ன கோத்தார் என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்தாள். பிறகு கயிற்றை வாங்கி, முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். அவள் ஆள்காட்டி விரலில் கோடு மாதிரி ஒரு தழும்பு. பூத்தொடுத்த நார் அறுத்தது என்று எப்போதோ சொல்லியிருந்தாள்.

"கண்ணை மூடிக்கோங்கப்பா."

மூடிக்கொண்டார். திறந்தபோது முள்ளில் உயிர் இறால் ஒன்று துடித்தது.

"அங்க போடுங்க. விழுந்து கிடக்கிற மரத்தோட நிழல்ல. இப்பதான் தண்ணி ஏறுது."

இதையும் புத்தகத்தில்தான் போட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

கயிறு சட்டென்று விறைத்தது. குடை ஆற்றோடு போயிற்று. அடுத்து சொக்கலிங்கமும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"இழுக்காதீங்கப்பா. ஓடட்டும், விடுங்க. ஓடட்டும்... இப்ப இழுங்க."

ஒரு முழ நீளக் கொடுவா கரையில் கிடந்து அவரையே பார்த்தது. அவர் கண்ணுக்கு அது திமிங்கிலம். "மன்னிச்சிரு" என்றார் அதனிடம், மெதுவாக. சுசீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, வாசலில் வாழையிலை போட்ட தாம்பாளத்தில் மீன் இருந்தது. குங்குமம் வைக்கப்போன சொக்கலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். மீனின் கண்ணெல்லாம் குங்குமம். அன்னம்மாள் நிலைப்படியில் நின்று எவ்வளவு நேரம்தான் பார்ப்பாள்? முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். மீனின் கண்ணைத் துடைத்துப் பொட்டைத் திருத்தினாள். சிவப்புத் துணி ஒன்றைப் போர்த்தினாள். தன் பழைய ஒற்றைக்கல் மூக்குத்தியைக் கொண்டுவந்து அதற்குப் போட்டுவிட்டாள்.

"வெறும் மூக்கோட அனுப்பினா நமக்குத்தான் கேவலம்" என்றாள்.

நிதாய் வீட்டில் எல்லாரும் கூடிவிட்டார்கள். தாம்பாளத்தை வாங்கிக்கொள்ள மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். இதுவரை பேச்செல்லாம் பெரியப்பாவோடுதான். அந்த அம்மாள் சொக்கலிங்கத்திடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. துணியை விலக்கி மீனைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி மீனைப் பார்த்தாள்.

சொக்கலிங்கம் ஏதாவது குறையா என்று இந்தியில் கேட்டார். தானே பிடித்தது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் சிரித்தபடி, சுசீலா வீட்டில் பேசுகிற அதே அச்சு அசலான திருநெல்வேலித் தமிழில் சொன்னாள்:

"பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, அண்ணாச்சி. மூணு வருசமா சுசீலா ஆத்துல புடிச்சுக் கொண்டாந்து குடுத்ததுல ஒண்ணுகூட இம்புட்டுச் சின்னதில்ல."