நான்கு ஸ்பீக்கர்களின் உயரமும் தாமதமும்

புக்கிட் பெலிம்பிங்,
புதன்கிழமை.

மதிப்பும் பாசமும் மிகுந்த மச்சான் இயன் அவர்களுக்கு, தோட்ட ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஜூலியஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நான் நலம். உங்கள் அக்கா ஃப்ளோராவும் நலம் என்றே நம்புகிறேன். ஒன்பது நாளாக அவள் என்னிடம் பேசாததால் உறுதியாக எழுத முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கை தவறிக் குடும்பக் குரூப்பில் போய் விழுந்துவிடும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

விஷயம், எங்கள் தேவாலய ஐம்பதாம் ஆண்டு நாடகத்துக்கு நீங்கள் கோலாலம்பூரிலிருந்து அனுப்பிய கருவி பற்றியது. காணாமல் போன மகனைத் தேடி மேடை முழுக்க அலைகிற தாயாக ஃப்ளோரா நடிக்கிறாள் என்பதும், அவள் தோளில் குத்தும் தீப்பெட்டி அளவு சாமான் அவள் போகுமிடத்தைக் கண்டுபிடித்துக் குரலையும் கூடவே நடக்க வைக்கும் என்பதும் நீங்கள் அறிந்ததே. அதற்கு முன் நான்கு ஸ்பீக்கர்களின் இடத்தையும் அளந்து டேப்லெட்டில் பதியச் சொல்லியிருந்தீர்கள். முப்பத்தோரு வருடம் படிவம் நிரப்பியவன் நான், ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. ஆனால் மச்சான், எங்கள் பக்கத்தில் அந்தக் கறுப்புச் சாமானுக்குப் பெயர் பாக்ஸ். ஸ்பீக்கர் என்றால் மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தராத மனிதர். விழா நிகழ்ச்சி நிரலிலும் ஸ்பீக்கர்கள் நான்கு, உங்கள் படிவத்திலும் நான்கு. எண்ணிக்கை ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆகவே ஒத்திகைக்கு வந்த ஃபாதர், விமலா டீச்சர், குடியிருப்போர் சங்கத் தலைவர் திருச்செல்வம், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய செல்லன் மண்டோர் ஆகியோரை அவரவர் நாற்காலியில் உட்கார வைத்து, மேடை நடுவிலிருந்து டேப் பிடித்து அளந்தேன். முதலில் தூசு தட்டவும் என்று எழுதியிருந்தீர்கள். செல்லன் மண்டோருக்கு மட்டும் தட்டினேன், மற்றவர்கள் சுத்தமாகத்தான் இருந்தார்கள். உயரம் கேட்டிருந்தது, போட்டேன். எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கேட்டிருந்தது, விமலா டீச்சருக்குச் சாப்பாட்டு மேசைப் பக்கமாக அம்புக்குறி போட்டேன். தாமதம் எவ்வளவு என்று கேட்டிருந்தது, திருச்செல்வம் எந்தக் கூட்டத்துக்கும் முக்கால் மணி நேரம் தாமதம், ஆனால் கருவி இரண்டு விநாடிக்கு மேல் ஏற்கவில்லை, தலைவர் என்று மரியாதை கொடுக்கிறதாக்கும் என்று நினைத்து, பாரபட்சம் வேண்டாமென்று நால்வருக்கும் இரண்டே போட்டேன். அளந்த பிறகு நகர்த்தக் கூடாது என்ற உங்கள் உத்தரவையும் தெரிவித்தேன். திருச்செல்வம் ஒரு தடவை கழிப்பறைக்கு எழுந்தார். நான் அனுமதிக்கவில்லை.

ஒத்திகை தொடங்கியது. ஃப்ளோரா மேடையின் இடது ஓரத்தில் முழங்காலிட்டு "என் மகனே" என்று கதறி வாயை மூடினாள். இரண்டு விநாடி கழித்து, வலது பக்கம் கழிப்பறைக் கதவுக்கு மேலே இருந்த பாக்ஸில் அவள் குரல் கதறியது. எல்லோரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள், திருச்செல்வம் மட்டும் ஏக்கத்தோடு பார்த்தார். மூன்று மாதம் மனப்பாடம் செய்தவள் கண்ணீரோடு இறங்கி வந்து, "எப்படிங்க இருந்துச்சி?" என்று கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன்: "குரல் இன்னும் வரல. வந்ததும் சொல்றேன் லா." அன்றிலிருந்து பேச்சில்லை. சனிக்கிழமை விழாவிலும் இப்படியானால் மேடையேற மாட்டேன் என்று விமலா டீச்சர் மூலம் சொல்லி அனுப்பினாள். ஸ்பீக்கர் என்று நீங்கள் எழுதியது பாக்ஸைத்தான் என்று அர்த்தம் சொன்னவரும் டீச்சர்தான். எனக்கு மனசு கேட்கவில்லை மச்சான். அன்று அவள் அழுதது நடிப்பில்லை.

பாக்ஸ்களை மறுபடி அளந்து பதிந்துவிட்டேன். இருந்தாலும் நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து பார்க்க வேண்டும். இன்னொரு சின்ன உதவி. தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்லவில்லை, உன் தம்பி அனுப்பிய மெஷின் பழுது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஆமாம் என்றால் போதும்.

உங்கள் வீட்டாருக்கு ஆண்டவர் நல்ல சுகமும், மகள் அபிகெயிலுக்கு நல்ல புத்தியும் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்,
ஜூலியஸ்

பி.கு.: எழுத்துப்பிழை பார்ப்பதற்காக இந்தக் கடிதத்தை மண்டபத்தில் நடந்துகொண்டே சத்தமாக வாசித்தேன். சோதனைக்காகக் குத்திய சாமானையும் மைக்கையும் கழற்ற மறந்துவிட்டேன். நான் போன இடமெல்லாம் குரல் பிசகாமல் கூடவே வந்தது. திரைக்குப் பின்னால் உடுப்பு தைத்துக்கொண்டிருந்த ஃப்ளோரா கடைசி வரி வரை கேட்டுவிட்டு வெளியே வந்தாள். "குரல் நல்லா வருது. நடிப்புதான் சரியில்ல," என்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு பேசிவிட்டாள். நீங்கள் வர வேண்டாம், மச்சான்.