பறக்கும் கழுதைக்குக் கண்ணீர் அஞ்சலி

கம்பெனி பஸ்ஸில் ஹெர்பர்ட் ஏறியதைப் பார்த்ததும் ராகேஷ் தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தான். லிங்கராஜபுரத்திலிருந்து பீன்யா வரைக்கும் ஐந்து வருஷமாக அது ஹெர்பர்ட்டின் சீட்டு.

"பையை எடுப்பா."

"பவளத்த கொன்னவங்களுக்கு இங்க எடம் இல்லண்ணா."

பவளம் என்பது ஒரு கழுதை. பறக்கும் கழுதை. ஆனால் உயரம் என்றால் அதற்கு பயம். பீன்யாவில் நட்டும் போல்ட்டும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த ஹெர்பர்ட், வருஷத்துக்கு ஒன்றாக எழுதி வந்த 'உப்புமலை ராஜ்ஜியம்' என்கிற மாயக்கதை வரிசையில் எல்லோருக்கும் செல்லம் அதுதான். ஐந்து பாகம் வந்து விட்டது. ஆறாவது பாகம் போன வாரம்தான் கடைக்குப் போயிருந்தது. அதில் மாயக்காரன் ஜெயிப்பான், கோட்டை விளக்குகள் அணையும், பவளம் அம்பு பட்டு ஏரியில் விழும். விழுந்தால் என்ன, கடைசி அத்தியாயத்தில்தான் எழுந்து விடுகிறதே!

"அது சாகலப்பா. தும்மிக்கிட்டே தண்ணியில இருந்து எழுந்து வருது. நீ முழுசா படிச்சியா?"

"இதுக்கு மேல என்னத்தண்ணா படிக்கிறது, அட்டையையா?" என்று ராகேஷ் புத்தகத்தை நீட்டினான்.

ஹெர்பர்ட் வாங்கிப் பார்த்தார். நூற்று எழுபத்தாறாம் பக்கத்தில் 'ஏரியின் மேல் குமிழிகள் நின்றன. பிறகு காற்றும் நின்றது' என்று இருந்தது. அதைப் புரட்டினால் பின்னட்டை. அச்சாகி வந்த தன் புத்தகத்தை அவர் ஒருநாளும் திறந்து படித்ததில்லை. எழுதும்போது ஒரு தடவை, புரூஃபில் ஒரு தடவை, அதோடு சரி. மூன்றாம் தடவை படித்தால் தனக்கே பிடிக்காமல் போய்விடுமோ என்று பயம். அந்த பயம் இன்றைக்கு இப்படி வந்து கழுத்தைப் பிடித்தது. பீன்யா வரை நின்றுகொண்டே போனார்.

சாயங்காலம் நேரே சின்னப்பாவின் அச்சகத்துக்குப் போனார். சின்னப்பாவும் அவரும் ஒரே சர்ச்சு, ஒரே பெஞ்சு. சின்னப்பா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராகப் பிடித்துப் பார்த்தார், பிறகு தலையைச் சொறிந்தார்.

நடந்தது இதுதான் என்று இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அச்சகக் கணக்கில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஹெர்பர்ட் எந்தப் பாகத்துக்கும் கடைசி அத்தியாயத்தை நேரத்துக்குக் கொடுத்ததே கிடையாது. மற்றதெல்லாம் அச்சாகி முடிந்த பிறகுதான் கையில் கத்தைக் காகிதத்தோடு ஓடி வருவார். அதனால் சின்னப்பா அதை எப்போதும் தனி ஃபாரமாகவே அடிப்பார். இந்தத் தடவை பைண்டிங்கில் அந்த ஃபாரம் விட்டுப்போய், கழிவுத் தாள்களோடு எடைக்குப் போய்விட்டது. அச்சகத்தில் ஃபாரம் மடித்துத் தைப்பது அல்போன்சா என்கிற அம்மாள். ஓரமாக உட்கார்ந்து ஏதோ திருமணப் பத்திரிகை மடித்துக்கொண்டிருந்த அவர் தலையை நிமிர்த்தவில்லை. பத்து வருஷத்தில் முதல் தவறு, அந்த அம்மாளைத் திட்டாதே என்று சின்னப்பா காதோடு சொன்னார். விட்டுப்போன அத்தியாயத்தை உடனே மறுபடி அடித்துக் கடைகளுக்கெல்லாம் அனுப்பிவிடுவதாகவும் சத்தியம் செய்தார்.

அதோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் ஒரு கடிதம் காத்திருந்தது.

எழுதியவர் வித்யாலட்சுமி. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியை. ரிச்சர்ட்ஸ் டவுனில் வாசகர் வட்டம் நடத்துபவர். அந்த வட்டத்தில் பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று ஊருக்கே தெரியும். 'ஐந்து பாகங்கள் வரை நீங்கள் நல்ல கதைசொல்லி. ஆறாவது பாகத்தில் எழுத்தாளர் ஆகிவிட்டீர்கள். அந்தக் கழுதையைச் சாகவிட்டு, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் நிறுத்திய துணிச்சலை நினைத்து இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு உங்களுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்திருக்கிறோம்' என்று எழுதி, தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார்.

ஹெர்பர்ட் அதை நான்கு தடவை படித்தார். ஐந்து வருஷமாக ஆபீசில் அவருக்குப் பெயர் 'கழுதைக்கதை ஹெர்பர்ட்'. சொந்த மச்சான்கூட 'இன்னும் சின்னப் பசங்களுக்குத்தான் எழுதுறீங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியே குடிப்பான். எழுத்தாளர் என்று அவரை யாரும் அழைத்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவர் எதையும் கொடுப்பார். கழுதை எம்மாத்திரம்?

மனைவி டோரதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே விஷயம் முழுதையும் கேட்டாள்.

"அப்ப அந்தக் கழுதை செத்துடுச்சா, இல்லையா?"

"இலக்கியத்துக்காக செத்துடுச்சு," என்றார் ஹெர்பர்ட்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போனார். சின்னப்பாவிடம் எதையும் அடிக்க வேண்டாம் என்றார். வித்யாலட்சுமியிடம் அந்த முடிவுக்காக இருபது நாள் தூக்கமில்லாமல் கிடந்ததாகச் சொன்னார்.

ஆனால் பஸ்ஸில் நிலைமை முற்றிக்கொண்டிருந்தது. இப்போது யாருமே அவருக்கு சீட் தருவதில்லை. கேண்டீனில் பரிமாறுகிறவர் அவர் தட்டைத் தாண்டிப் போனார். பரிமாறுகிறவரின் மகளும் பவளத்துக்காக அழுதிருந்தாளாம். வந்த கடிதங்களில் பாதி 'நீங்கள் மனுஷனா' என்றும், பாதி 'நீங்கள் மாமனிதர்' என்றும் இருந்தன. புதன்கிழமை பஸ் ஸ்டாப்புச் சுவரில் ஒரு போஸ்டர் முளைத்தது. கறுப்பு பார்டர் கட்டி, நடுவில் சிறகு வைத்த கழுதை படம் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள். கீழே, 'மாயக்காரன் சூழ்ச்சியாலும் ஆசிரியர் அலட்சியத்தாலும் ஏரியில் மூழ்கிய எங்கள் பவளத்துக்கு. இவண், பீன்யா வாசகர்கள்.'

அதைவிடக் கீழே, பொடி எழுத்தில் சின்னப்பாவின் அச்சகத்துப் பெயர்.

"ஆர்டர் வந்துச்சு, அடிச்சேன்," என்றார் சின்னப்பா. "உள்ள என்ன எழுதியிருக்குன்னு நான் எப்ப ஹெர்பர்ட்டு படிச்சிருக்கேன்?"

மனுஷன் எத்தனை நாள்தான் நின்றுகொண்டே பீன்யாவுக்குப் போவார்? முழங்கால் விட்டுப்போனது. வியாழக்கிழமை ஹெர்பர்ட் கையெழுத்துப் பிரதியிலிருந்து கடைசி அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து, நாளிதழுக்குள் மடித்து ராகேஷிடம் நீட்டினார். பவளம் தும்மி எழுவது, சிறையிலிருந்து எல்லோரும் விடுதலை ஆவது, பிறகு உப்புமலை அரசர் விருந்து வைத்து ஒவ்வொருவருக்காக நன்றி சொல்வது எல்லாம் அதில் இருந்தது. நீ மட்டும் படி, பேஜார் பண்ணாதே, யாரிடமும் மூச்சு விடாதே என்று கெஞ்சினார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறினால் ஆளாளுக்கு நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். ஜன்னல் சீட்டே கிடைத்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லிதாண்ணா எல்லாருக்கும் குடுத்தேன்," என்றான் ராகேஷ் பெருமையாக.

சனிக்கிழமை போஸ்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு போஸ்டர். 'பவளம் உயிரோடு இருக்கிறது! வதந்திகளை நம்பாதீர்!' இதுவும் சின்னப்பா அடித்ததுதான்.

அன்று மத்தியானம் தெருமுனை பூத்திலிருந்து ஆள் வந்து, போன் என்று கூப்பிட்டார். வித்யாலட்சுமி. குரல் கொதித்தது.

"ஹெர்பர்ட் சார், உங்களுக்கு வேண்டாதவங்க யாரோ போலியா ஒரு கடைசி அத்தியாயம் எழுதி ஊர் முழுக்க ஜெராக்ஸ் விட்டிருக்காங்க. படிச்சேன். படு மோசம். அதுலயும் அந்த ராஜா நன்றி சொல்ல ஆரம்பிச்சா சமையல்காரர் வரைக்கும் சொல்றார். உங்க கையால இப்படி ஒரு வரி வராதுன்னு எனக்குத் தெரியாதா?"

அந்த நன்றியுரையை எழுதி முடித்த அன்று ஹெர்பர்ட்டுக்கே கண் கலங்கியிருந்தது.

"ஆமாங்க," என்றார். "படு மோசம்."

"நாளைக்குக் கூட்டத்துல நானே அதை வாசிச்சு, எது எழுத்து, எது குப்பைன்னு காட்டப்போறேன்."

வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்துவிட்டார். நாளைக்கு ஜுரம் வந்துவிட்டதாகச் சொல்லலாமா என்று டோரதியைக் கேட்டார். எழுதினது நீங்க, போய் நில்லுங்க என்று அவள் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்தப் பள்ளிக்கூட ஹால் நிறைந்திருந்தது. முன் வரிசையில் கண்ணாடி போட்ட வாசகர் வட்டத்தார். பின்னால் கம்பெனி பஸ் மொத்தமும், ராகேஷ் தலைமையில், சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது. வாசலில் மேஜை போட்டு சின்னப்பா ஆறு பாகத்தையும் அடுக்கி வைத்திருந்தார். அல்போன்சா கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வித்யாலட்சுமி பொன்னாடையை ஒரு கையிலும் ஜெராக்ஸை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எழுந்தார். ஜெராக்ஸை வாசித்தார். பவளம் தும்மிய இடத்தில் பின்வரிசை கைதட்டியது. முன்வரிசை திரும்பி முறைத்தது. அரசர் நன்றி சொல்லத் தொடங்கியதும் பின்வரிசையிலேயே இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

"இந்தப் போலியை எழுதினவர் யாரா இருந்தாலும் வெக்கப்படணும்," என்று வித்யாலட்சுமி முடித்தார்.

ராகேஷுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், சும்னே வாய்க்கு வந்தத பேசாதீங்க. அது எங்க ஹெர்பர்ட்ண்ணா கையெழுத்து. அவருதான் எனக்கு குடுத்தாரு."

ஹால் மொத்தமும் ஹெர்பர்ட்டைப் பார்த்தது. ஒரு பக்கம் ஐந்து வருஷமாக ஏங்கிய பெயர். இன்னொரு பக்கம் ராகேஷ், பொய்யன் என்று பெயர் வாங்கப்போகிறவன். ஹெர்பர்ட் எழுந்து நின்றார்.

"ராகேஷ் சொல்றதுதான் உண்மை. அது நான் எழுதினது. நீங்க பாராட்டின முடிவு நான் எழுதினது இல்ல. பைண்டிங்ல ஒரு ஃபாரம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். உங்க கடிதாசியைப் பாத்ததும் ஆசைப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. வித்யாலட்சுமி ஜெராக்ஸையும் பொன்னாடையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி. கிட்டே வந்து பொன்னாடையைப் போர்த்தினார்.

"உண்மையைச் சொன்னதுக்கு இது. ஆறாவது பாகம் போகட்டும் சார். முதல் அஞ்சு பாகத்தையும் எப்படி முடிச்சிருக்கீங்க! வளவளன்னு இழுக்காம, நிக்க வேண்டிய எடத்துல நறுக்குன்னு நிக்குது. அதுக்காகவே உங்களை எழுத்தாளர்னு சொல்லலாம்."

முன்வரிசையும் பின்வரிசையும் அன்றைக்கு முதல் தடவையாகச் சேர்ந்து கைதட்டின. அந்த ஐந்து பாகத்தில் யாரும் கை வைக்க முடியாது, அது முழுக்க முழுக்க தன்னுடையது என்று நினைத்தபோது ஹெர்பர்ட்டுக்கு உள்ளம் நிறைந்துபோனது. டோரதியைப் பார்த்தார். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னப்பாவுக்கு மட்டும் அச்சகத்தின் மானம் உறுத்தியிருக்க வேண்டும். வாசலிலிருந்து அல்போன்சாவைக் கூட்டி வந்து, ஃபாரத்தை விட்டதற்கு எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடும்படி சொன்னார். அதெல்லாம் வேண்டாம், யாருக்கும் வருகிற தவறுதான் என்று ஹெர்பர்ட் பெருந்தன்மையாகக் கையசைத்தார்.

அல்போன்சா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சின்னப்பாவையும் வித்யாலட்சுமியையும் விட்டு ஹெர்பர்ட்டை மட்டும் பார்த்தார்.

"தவறிப்போய் விடல சார். மொத பாகத்துல இருந்தே உங்க கடைசி ஃபாரத்த நான் சேத்துத் தச்சதே இல்லியே!"