வைப்பரிடம் மன்னிப்புக் கேட்டவன்

பேய் உண்டா இல்லையா என்று நாலு பேர் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். ஒரு காரின் வைப்பரைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டவனுக்கு அந்தச் சபையில் என்ன மரியாதை இருக்க முடியும்?

கார் என் பெரியப்பாவுடையது. வெளிநாட்டில் செய்த, என்னைவிட வயதில் மூத்த கறுப்புக் கார். அதன் வைப்பர்கள் இப்போதைய வண்டிகளில் இருப்பதுபோல் ஒரே பக்கம் சாயாது. ஆளுக்கொரு ஓரத்திலிருந்து கிளம்பி, நடுவில் வந்து சேர்ந்து, மறுபடி பிரியும். பெரியப்பா 1993-இல் காலமானார். காரியம் முடிந்த கையோடு அவர் மகன் பாலு அண்ணன் காரை விற்க ஆள் தேடினார். பெரியம்மாவுக்கு விற்க மனமில்லை. ஆனால் அவர் வாயைத் திறந்து தடுக்கவில்லை. வைப்பர் தடுத்தது.

அண்ணாமலையார் மலையைச் சுற்றும் பாதையில் கார் போனால், வழியில் உள்ள ஒவ்வொரு லிங்கத்தின் சன்னதி முன்பும் அது தானாக அசைந்தது. சொட்டு மழை கிடையாது. ஸ்விட்சை யாரும் தொடவில்லை. கறுப்பான இரண்டு கைகள் மெல்ல எழுந்து, நடுவில் சேர்ந்து, இறங்கும். சன்னதியைத் தாண்டியதும் அடங்கிவிடும். பெரியப்பா பௌர்ணமி தவறாமல் மலை சுற்றியவர். "அவருதான் கும்பிட்டுக்கினு வராரு" என்றார் பெரியம்மா. செய்தி பரவி, விலை பேச வந்த இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. நேரில் ஓட்டிக் காட்டுங்கள், வைப்பர் சும்மா இருந்தால் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

பாலு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமா, முதல் வகுப்பு. (அதுவரை ஒரே ஒரு டார்ச் லைட்டைச் சரி செய்திருந்தேன். அதிலும் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.) வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஷார்ட் சர்க்யூட் என்று தீர்ப்பளித்தேன்.

காபி கொண்டுவந்த பெரியம்மா, "கரண்டாத்தான் இருக்கும்ன்றியா?" என்று கேட்டார்.

வேறென்ன, பெரியப்பாவா என்று சிரித்தேன்.

பியூஸைப் பிடுங்கினேன். பாலு அண்ணன் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். பிள்ளையார் கோயில் முன்னால் அது அசைந்தது. திரும்பி வந்து, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சந்தேகப்பட்ட ஒயரை எல்லாம் வெட்டினேன். அதில் ஒன்று ஹாரனுடையது, இன்னொன்று ஹெட்லைட்டுடையது என்பது போகப் போகத் தெரிந்தது. அதன் பிறகும் வண்டி கிளம்பியது அண்ணாமலையார் கருணை.

சாயங்காலம் புறப்பட்டோம். பாலு அண்ணன் ஓட்ட, பக்கத்தில் நான், பின்னால் வியாபாரி. அக்னி லிங்கத்தின் அருகே ஒரு பஸ் பின்னாலேயே விரட்டிக்கொண்டு வந்ததால் வேகத்தைக் குறைக்க முடியவில்லை. வைப்பர் அசையவில்லை. நான் பின்பக்கம் திரும்பி, படிப்பின் பெருமையைப் பற்றி வியாபாரிக்கு நாலு வார்த்தை சொன்னேன்.

எமலிங்கம் வருவதற்குள் பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. மலை கறுத்து, கொஞ்சம் கிட்டே நகர்ந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. வண்டிக்குள் பெரியப்பாவின் மூக்குப்பொடி வாசனை திடீரென்று ஜாஸ்தியானது. பாலு அண்ணன் வழக்கம்போல் காலைத் தளர்த்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்ஜின் சத்தம் தாழ்ந்தது.

கண்ணாடியின் ஓரத்தில் ஏதோ நிமிர்ந்தது.

கிரீச். காய்ந்த தூசியைத் தேய்த்துக்கொண்டு இரண்டு கைகளும் எழுந்தன. நடுவில் சேர்ந்தன. அப்படியே ஒட்டிக்கொண்டு ஒரு நொடி நின்றன. அதற்கு ஒயர் கிடையாது. அத்தனை ஒயரும் என் சட்டைப் பையில் இருந்தது.

என் கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன.

"பெரியப்பா, மன்னிச்சிடுங்க. உங்க வாட்ச்ச நான்தான் எடுத்தேன்."

கைகள் பிரிந்தன. (ஏற்றுக்கொண்டார் போலிருக்கிறது.) கார் நின்றது. பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. வியாபாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். பாலு அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அதுவரை பார்த்ததைவிட அது பயங்கரமாக இருந்தது.

"அந்த வாட்ச்சுக்காக எங்கப்பா என்னை பெல்ட்டால அடிச்சாருடா."

படித்த பையனே அலறிவிட்டான் என்று வியாபாரி ஊரெல்லாம் சொல்லிவிட்டதால், அதன் பிறகு யாரும் விலை கேட்டு வரவில்லை. கார் வேங்கிக்காலில் பெரியம்மா வீட்டு ஷெட்டிலேயே தங்கிவிட்டது. நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் பெரியம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன்.

"அதுல ஏதுடா கரண்டு? என்ஜின் இழுக்குற காத்துல ஓடுற வைப்பர் அது. அந்தக் காத்த மூடுற திருகு தேஞ்சி போச்சு. ஆக்சிலேட்டர்லேந்து கால எடுத்தா ஆடும். உங்க பெரியப்பா சொல்லிக்கினே இருப்பாரு" என்றார்.

சன்னதியைக் கண்டால் காலை எடுக்காத டிரைவர் இந்த ஊரில் ஏது? ஒயர்களுக்கு நடுவே ஒரு ரப்பர் குழாய் ஓடியது எனக்கு நினைவு வந்தது. வெட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை ஜாக்கிரதையாக ஒதுக்கி வைத்தவன் நான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?"

"சொல்லியிருந்தா வண்டி போயிருக்குமே."

இன்றைக்கும் வீட்டில் சாவியோ சில்லறையோ காணாமல் போனால் என் மனைவி யாரையும் விசாரிப்பதில்லை. "எமலிங்கம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமாங்க?" என்று என்னை மட்டும் கேட்கிறாள். நானும் உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எடுக்காததையும் சேர்த்து.