முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ்

சதுரங்கப்பட்டினம்
9.2.1999

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ஜெபக்குமாருக்கு சாலமோன் எழுதிக்கொள்வது. ஜீப் ஒன்று நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். மதுராந்தகத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் மேல் இருக்கும் கோபத்தில் அந்த ஜெபம் எவ்வளவு தூரம் போகுமோ தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ உன் அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஜீப்பின் முன் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டது என்று அவள் புலம்பினாள் என்பதற்காக இரண்டு புது டயரை பஸ் மேலே ஏற்றி வந்து இறக்கினாய். தாய்வீட்டுச் சீர் என்று ஜெசிந்தா தெருவுக்கே காட்டினாள். மாட்டிப் பார்த்தால் பின் டயரைவிட நாலு விரல் உயரம், ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வேண்டாம் என்றால் எனக்கு யார் சோறு போடுவது? கல்பாக்கம் ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் ஒரு போல்ட்டைக்கூட சைஸ் மாற்றிக் கொடுத்தவனில்லை நான்.

போன சனிக்கிழமை சிநேகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அத்தோடு அனுப்பியிருக்கலாம், என் கெட்ட நேரம், மகாபலிபுரம் பக்கம் கடற்கரையைக் காட்டுகிறேன் என்று வந்த ஏழு பேரையும் ஜீப்பில் ஏற்றினேன். மணலில் ஃபோர் வீல் லிவரைப் போட்டேன், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க ராஜா மாதிரி போனது. மாப்பிள்ளையின் அப்பா கைதட்டினார். அந்த சந்தோஷத்தில் லிவரை எடுக்க மறந்து அப்படியே தார் ரோட்டில் ஏறிவிட்டேன். ஒரு மைல் தாண்டியிருக்க மாட்டோம், அடியில் கடகடவென்று சத்தம், நடுரோட்டில் நின்றுவிட்டது. லிவரும் வர மாட்டேன் என்கிறது. பின்னால் பஸ்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. சம்பந்தியம்மா பட்டுச்சேலையோடு இறங்கித் தள்ளினார்கள்.

மெக்கானிக் சின்னையன் சைக்கிளில் வந்து குனிந்து பார்த்தான். “இன்னா சார், முன்னாடி ஒரு சைஸு, பின்னாடி ஒரு சைஸா கீது? மணல்ல வழுக்கிகினு பூடும். தார்ல ஒண்ண ஒண்ணு இழுத்துகினு இறுகிப்பூடும்” என்று சொல்லி, கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்க வைத்து லிவரை விடுவித்தான்.

மாப்பிள்ளையின் அப்பா என்னை மட்டும் பார்த்தார். “இது யார் வேலை?”

“பொண்ணோட தாய்மாமன் வேலை” என்றேன். பொய்யா?

ஏழு உயிரோடு விளையாடுகிற தாய்மாமன் வந்து பதில் சொல்லட்டும், அப்புறம்தான் தேதி குறிப்பது என்று போய்விட்டார்கள். சிநேகா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடியும் வருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் நீ இங்கே இருக்க வேண்டும். செய்த தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும்.

உன் வீட்டாருக்கும், வாங்கும்போது சைஸ் பார்க்காத உன் கண்ணுக்கும் கர்த்தர் நல்ல சுகம் தருவாராக.

அன்புடன்,
சாலமோன்

பி.கு: கவரை ஒட்டுவதற்குள் சின்னையன் வந்துவிட்டான். டாஷ்போர்டில் நான் ஒட்டியிருந்த வேதவசன ஸ்டிக்கரை உரித்தான். அடியில் கம்பெனித் தகடு இருக்கிறது, அதில் டயர் சைஸும் இருக்கிறது. நீ கொடுத்தது அதே சைஸ்தான். ஜீப்பை ஏலத்தில் எடுத்த வருஷம் செங்கல்பட்டில் நானே பார்த்து வாங்கிப் போட்ட நாலும்தான் சின்னது. அதில் இரண்டு இன்னும் பின்னால் ஓடுகிறது. ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிவிட்டேன், உன் அக்காவுக்குத் தெரியாது. சம்பந்தியிடம் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும், பிள்ளைக்காக ஒரு தடவை தப்பு உன்னுடையது என்று சொல்லிவிடு. வரும்போது அதே மாதிரி இன்னும் இரண்டு டயர் கொண்டு வா. இந்த முறையாவது சைஸ் பார்த்து வாங்கு.